மக்கும் பிளாஸ்டிக்: எதை, எவ்வளவு, எப்போது சேர்ப்பது

ஜூலை மாதம், நாலு நாளாக விடாத மழை. ராத்திரி ஷிஃப்டில் மெஷின் பார்க்கும் தம்பி வந்து, "அண்ணாச்சி, பபிள் நிக்கவே மாட்டேங்குது, ஆடிக்கிட்டே இருக்கு, என்ன பவுடர் போடட்டும்?" என்று கேட்டான். பபிள் என்பது உருகிய பிளாஸ்டிக்கைக் காற்றால் ஊதிக் குழாய் மாதிரி மேலே இழுப்பது, அதைத் தட்டையாக்கி வெட்டினால்தான் பை. எங்கள் தொழிலில் எல்லோர் வாயிலும் முதலில் வரும் கேள்வி அதுதான், என்ன போடட்டும். அன்றைக்குப் போட்டோம், கொஞ்சம் கூடுதலாகவே போட்டோம். காலையில் அடித்து முடித்த முந்நூறு கிலோ சரக்கில் எந்தப் பையை எடுத்துக் கையால் இழுத்தாலும் அப்பளம் மாதிரி உடைந்தது. பவுடர் குறைந்ததால் வந்த கோளாறு இல்லை அது. முந்தின நாள் சாயங்காலம் பிரித்த தானா மூட்டை வாய் கட்டாமல் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தானா என்றால் குருணை. மும்பையில் பிளாஸ்டிக் தொழில் செய்கிற தமிழர்கள் யாரும் குருணை என்று சொல்லி நான் கேட்டதில்லை, எல்லோருக்கும் தானாதான். நான் தாராவியில் வளர்ந்தவன், இப்போது வசாய் கிழக்கில் ஒரு காலாவில் பை அடிக்கிற வேலை. காலா என்பது தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டுக்கு இங்கே சொல்கிற பெயர். பாலிஎத்திலீனில் பல வருடம் கை பழகிவிட்டு மக்கும் பிளாஸ்டிக்குக்கு மாறுகிறவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கெமிக்கல் கடைக்காரர் கொடுக்கிற டப்பாவை நம்பிக் கொட்டுவதற்கு முன்னால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி நஷ்டம் தவிரும்.

முதலில் கையில் இருப்பது எது என்று பாருங்கள்

சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் மூன்று. ஒன்று பிஎல்ஏ, அதாவது பாலிலாக்டிக் ஆசிட். சோள மாவுச்சத்தையோ கரும்புச் சர்க்கரையையோ நொதிக்க வைத்து எடுக்கிற லாக்டிக் அமிலத்தில் செய்வது. கண்ணாடி மாதிரி தெளிவு, நல்ல விறைப்பு, ஆனால் இழுத்தால் 5% நீள்வதற்குள் ஒடிந்துவிடும், 60 டிகிரி சூடு பட்டால் தொய்ந்துவிடும். இரண்டாவது பிபிஏடி. இது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான், ஆனாலும் நுண்ணுயிர்கள் தின்று செரித்துவிடும். 500, 600% வரை நீளும், கையில் பிடித்தால் நம் பழைய கேரி பேக் மாதிரியே இருக்கும். அதன் குறை தொளதொளப்பு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, அப்புறம் விலை. மூன்றாவது ஸ்டார்ச். மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் தண்ணீரைக் கண்டால் விடாது.

கடையில் மக்கும் பை என்று விற்பதில் பெரும்பாலானவை இந்த மூன்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்த கலவைதான், கூடவே கொஞ்சம் கால்சியம் கார்பனேட் பொடி. ஆகவே "என்ன போடட்டும்" என்று கேட்பதற்கு முன்னால் குறை என்ன என்று சொல்லத் தெரிய வேண்டும். ஒடிகிறதா, நீளவாக்கில் மட்டும் சர்ரென்று கிழிகிறதா, சூட்டில் வளைகிறதா, சீல் விடுகிறதா, ரோலில் ஒட்டிக்கொள்கிறதா, அடித்த அன்று நன்றாக இருந்து மூன்று மாதத்தில் பொடிகிறதா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒரு குறையைத் தீர்க்கப் போடுகிற சாமான் இன்னொரு குறையைக் கொண்டுவந்து சேர்க்கும், அதையும் கணக்கில் வைத்துத்தான் போட வேண்டும்.

ஈரம்

இந்தப் பகுதி நீளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் என் அனுபவத்தில் மக்கும் பிளாஸ்டிக்கில் வருகிற கோளாறுகளில் முக்கால்வாசி இங்கே தொடங்குகிறது.

பிஎல்ஏ, பிபிஏடி இரண்டுமே பாலியெஸ்டர். அவற்றின் நீளச் சங்கிலியைக் கோத்து வைத்திருப்பது எஸ்டர் பிணைப்பு. மெஷினில் ஸ்க்ரூ சுழன்று சரக்கைத் தள்ளுகிற சூடான குழாய்தான் பேரல், அதில் 170, 180 டிகிரியில் உருகி நிற்கும்போது ஒரு துளி தண்ணீர் கிடைத்தாலும் அந்தப் பிணைப்பு வெட்டுப்படும், வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு அமில முனை உண்டாகும், அந்த அமிலம் அடுத்த வெட்டைச் சுலபமாக்கும். சங்கிலி துண்டு துண்டாகிவிட்டால் உருகிய சரக்கு கஞ்சி மாதிரி நீர்த்துவிடும். மோட்டார் ஆம்பியர் இறங்குவதிலும், பபிள் ஆடுவதிலும், சரக்கு வெளியே வருகிற வாயான டையில் சொட்டுவதிலும் இதைப் பார்க்கலாம். ஃபிலிமாக வந்தாலும் பலம் இருக்காது. பாலிஎத்திலீனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, அதனால்தான் அதில் பழகிய கைக்கு இது சட்டென்று பிடிபடுவதில்லை.

பிஎல்ஏவை உருக்குவதற்கு முன் ஈரம் 250 பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டும், அதாவது 0.025%. நூறு கிலோவில் 25 கிராம் தண்ணீர், ஒரு வாய்கூட இல்லை. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே பிழிந்தால் தண்ணீர் சொட்டும்போல இருக்கிறது, அதில் பிரித்த மூட்டை சில மணி நேரம் கிடந்தாலே இந்த அளவைத் தாண்டிவிடும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மெஷின் மேலே, தானா கொட்டுகிற தொட்டியான ஹாப்பரில் வைத்திருக்கிற சாதாரண ஹாப்பர் டிரையர் அறைக் காற்றை இழுத்துச் சூடாக்கி ஊதுகிறது. சூடாக்கினாலும் அந்தக் காற்றில் இருந்த தண்ணீர் எங்கேயும் போய்விடாது. ஆகவே மழைக்காலத்தில் அது எட்டு மணி நேரம் ஓடினாலும் ஓரளவுக்குக் கீழே ஈரத்தை இறக்காது. ஈரம் உறிஞ்சும் டெசிகன்ட் டிரையர்தான் வேண்டும், அதில் வருகிற காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலிருந்து ஈரம் பனியாக இறங்கத் தொடங்குகிற சூடு, மைனஸ் 40 டிகிரி அளவில் இருக்கும். படிகமாக்கப்பட்ட பிஎல்ஏ தானா என்றால் 80 டிகிரியில் 4 மணி நேரம். படிகமாகாத பிஎல்ஏ, அதாவது தெளிவாகக் கண்ணாடி மணி போல இருப்பது, 80 டிகிரியில் வைத்தால் உருண்டையாக ஒட்டிக்கொள்ளும், அதற்கு 45 டிகிரிக்குள் வைத்து நேரத்தை நீட்டத்தான் வேண்டும். பிபிஏடிக்கு 60, 70 டிகிரியில் 2 முதல் 4 மணி நேரம். சப்ளையர் தருகிற தாளில் வேறு எண் இருந்தால் அதையே பிடியுங்கள்.

டிரையர் வாங்கப் பணம் இல்லையா? அப்படியானால் மழைக்காலத்தில் காம்பவுண்ட் செய்த, அதாவது எல்லாச் சாமானும் ஏற்கெனவே உருக்கிக் கலந்த தானாவாகவே, அலுமினியத் தாள் உறை போட்ட மூட்டையில் வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு மூட்டைதான் பிரிக்க வேண்டும், ஹாப்பரில் அரை மணி நேரச் சரக்குக்கு மேல் கொட்டக்கூடாது, மிச்சத்தின் வாயை உடனே சூட்டில் ஒட்டிவிட வேண்டும். இந்த ஒழுங்குக்குச் செலவு ஒன்றும் இல்லை.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. இரண்டு கண்ணாடி ஸ்லைடை ஹாட் பிளேட்டில் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி, நாலு தானாவை ஒன்றின் மேல் வைத்து மற்றதால் அழுத்துங்கள். உருகிய வட்டத்துக்குள் குமிழி தெரிந்தால் சரக்கு கண்டிப்பாக ஈரம். குமிழி இல்லாவிட்டால் காய்ந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, 250 பிபிஎம் அளவெல்லாம் இதில் தெரியாது, ஆனால் மோசமான மூட்டையை மெஷினுக்குப் போகாமல் தடுக்க இது போதும்.

அறுந்த சங்கிலியைக் கோக்கிற சாமான்

எவ்வளவு காய வைத்தாலும் கொஞ்சம் அறுபடத்தான் செய்யும். அதற்குத்தான் செயின் எக்ஸ்டெண்டர். நடைமுறையில் அதிகம் புழங்குவது எபாக்ஸி முனைகள் உள்ள ஸ்டைரீன்-அக்ரிலிக் வகை. அறுந்த சங்கிலியின் அமில முனையோடு எபாக்ஸி வினைபுரிந்து இரண்டு மூன்று துண்டுகளைக் கோத்துவிடும். உருகிய சரக்குக்குத் திரும்பப் பிடிமானம் வரும், பபிள் நிற்கும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பிஎல்ஏவும் பிபிஏடியும் தானாக நன்றாகக் கலப்பதில்லை, எண்ணெயும் தண்ணீரும் போல இல்லாவிட்டாலும் தனித்தனித் துளியாகத்தான் நிற்கும். செயின் எக்ஸ்டெண்டர் ஒரு பக்கம் பிஎல்ஏவையும் மறு பக்கம் பிபிஏடியையும் பிடித்துக்கொள்வதால் இரண்டுக்கும் நடுவில் தையல் போட்ட மாதிரி ஆகும்.

அளவு 0.2 முதல் 0.8%. 25 கிலோ மூட்டைக்கு 0.4% என்றால் 100 கிராம், ஆகவே கை நிறைய அள்ளிப் போடுகிற வேலை கூடாது, தராசில் நிறுத்துப் போடுங்கள். 1% தாண்டினால் சங்கிலிகள் வலை மாதிரி பின்னிக்கொண்டு ஜெல் விழும், ஃபிலிமில் மீன் கண் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும், அந்தப் புள்ளியில்தான் பை கிழியும். வினை முடிய 180 டிகிரிக்கு மேல் ஒன்றிரண்டு நிமிடமாவது பேரலுக்குள் இருக்க வேண்டும். ஸ்க்ரூ வேகத்தைக் கூட்டிச் சரக்கை விரட்டினால் பாதி வினை டையைத் தாண்டிப் போய்விடும். சிங்கிள் ஸ்க்ரூ மெஷின் வைத்திருப்பவர்கள் பவுடராகப் போடாமல் மாஸ்டர்பேட்ச்சாக, அதாவது பிளாஸ்டிக்கில் அடர்த்தியாகக் கலந்து செய்த தானாவாக, வாங்குவது நல்லது, சீராகக் கலக்கும்.

காய வைப்பதற்குப் பதிலாக இதைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த ஜூலை ராத்திரி நாங்கள் செய்தது அதுதான். ஈரம் வெட்டுகிற வேகத்துக்கு இது கோத்து முடியாது, நடுவில் கூடுதல் அளவு போட்டதால் ஜெல் வேறு விழுந்தது.

விறைப்பும் நீட்சியும்

பை அடிக்கிறவர்களுக்குப் பிபிஏடிதான் அடிப்படை, பிஎல்ஏ அதற்கு விறைப்பு கொடுக்கிற துணை. கப், தட்டு, ஸ்பூன் செய்கிறவர்களுக்குத் தலைகீழ். பைக்கு நான் தொடங்குகிற கலவை இது: பிபிஏடி 70, பிஎல்ஏ 12, கால்சியம் 17, மீதி ஒன்றில் செயின் எக்ஸ்டெண்டர் 0.4, வழுக்கலுக்கு 0.3, மற்றவை 0.3. வேதம் மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மெஷினுக்கும் பை அளவுக்கும் ஏற்ப இங்கிருந்து நகருங்கள்.

பை தொளதொளவென்று இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் பிஎல்ஏவை இரண்டிரண்டு சதவீதமாக ஏற்றலாம். 20ஐத் தாண்டும்போது கவனம். பபிள் மேலே இழுபடும்போது பிஎல்ஏ துளிகளும் நீண்டு நார் மாதிரி ஒரே திசையில் படுத்துவிடும், அப்புறம் பை குறுக்கே எளிதில் கிழியாது, நீளவாக்கில் வாழை மட்டை மாதிரி சர்ரென்று கிழியும். தொட்டால் சரசரவென்று சத்தமும் வரும். இப்படி ஆனால் பிஎல்ஏவைக் குறைப்பதோடு பபிளின் அகலத்தையும் கூட்டிப் பாருங்கள், குறுக்கேயும் இழுபட்டால் பலம் இரண்டு பக்கமும் பரவும்.

பிஎல்ஏ சரக்கு ஒடிகிறது என்றால் அதே கலவையை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். பிபிஏடியோ பிபிஎஸ் என்கிற இன்னொரு மக்கும் பாலியெஸ்டரோ 20, 30% சேர்த்தால் ஸ்பூன் கீழே விழுந்து உடைவது குறையும், விறைப்பும் தெளிவும் கொஞ்சம் போகும். தெளிவே வேண்டும் என்பவர்கள் சிட்ரேட் வகை இளக்கியைத் தேடுவார்கள், அசிட்டைல் டிரைபியூட்டைல் சிட்ரேட் என்று மஸ்ஜித் பந்தர் பக்கம் கெமிக்கல் கடைகளில் கேட்டால் கிடைக்கும். 10 முதல் 20% போட்டால் பிஎல்ஏ நன்றாக வளையும். அதற்குக் கொடுக்கிற விலை என்ன தெரியுமா? 60 டிகிரியில் தொய்வது 20% போட்டதும் அறைச் சூட்டிலேயே இளக ஆரம்பிக்கும், மாதங்கள் போகப் போக இளக்கி மேலே கசிந்து பிசுபிசுக்கும், பிறகு பொருள் மறுபடி விறைத்துப்போகும். நீண்ட நாள் கடையில் இருக்க வேண்டிய பொருளுக்கு நான் இதைப் போடமாட்டேன்.

ஸ்டார்ச்சும் கால்சியமும்

விலையைக் குறைக்கத்தான் எல்லோரும் இங்கே வருகிறார்கள், தப்பில்லை. ஆனால் இரண்டும் சும்மா இடத்தை அடைக்கிற சாமான் இல்லை.

கால்சியம் கார்பனேட் என்றால் சுண்ணாம்புக் கல் பொடி. ஃபிலிமில் 10 முதல் 25% வரை தாங்கும். விறைப்பு கூடும், ஒட்டுவது குறையும், பை வெள்ளையாகும், நீட்சி இறங்கும். ஸ்டியரிக் அமிலம் பூசிய ரகத்தையே வாங்குங்கள், பூசாத பொடி கட்டி கட்டியாக நிற்கும், ஈரத்தையும் கூடப் பிடித்து வைக்கும். பொடி எவ்வளவு மெல்லியது என்று கேளுங்கள், 20 மைக்ரான் ஃபிலிமில் 10 மைக்ரான் கல் கிடந்தால் அது கூழாங்கல் மாதிரிதான். கால்சியம் ஏற ஏற எடையும் ஏறும் என்பதையும் மறக்காதீர்கள். பிபிஏடி, பிஎல்ஏ இரண்டின் அடர்த்தியும் 1.25ஐ ஒட்டி இருக்கிறது, பழைய பாலிஎத்திலீன் 0.92. அதே அளவு, அதே தடிமன் பைக்கு ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு எடை கூடுதல், அதன் மேல் கல்லும் சேர்ந்தால் கிலோவுக்கு எத்தனை பை என்கிற கணக்கு இறங்கிக்கொண்டே போகும். கிலோ விலை குறைந்தது என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் பை விலையைப் பார்க்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டார்ச் இன்னும் நுணுக்கமானது. ஊரில் சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வருகிற மரவள்ளி மாவு நல்ல சரக்குதான். ஆனால் மூட்டையில் வருகிற மாவில் 12% வரை தண்ணீர் இருக்கும். நூறு கிலோ கலவைக்கு 20 கிலோ மாவு என்றால் கூடவே கிட்டத்தட்ட இரண்டரை கிலோ தண்ணீர் வருகிறது. மேலே சொன்ன 25 கிராமை இதோடு வைத்துப் பாருங்கள். மாவை அப்படியே ஹாப்பரில் கொட்டி அடித்தவன் எவனும் நல்ல பை எடுத்ததில்லை.

இரண்டு வழி இருக்கிறது. மாவை முழுக்க உலர்த்தி, வெறும் நிரப்பியாகப் போடலாம். அப்போது மணியின் அளவு முக்கியம். அரிசி ஸ்டார்ச் மணி 2 முதல் 8 மைக்ரான், மரவள்ளியில் 30 வரை போகும், உருளைக்கிழங்கில் 100 மைக்ரான் வரைகூட இருக்கும். மெல்லிய ஃபிலிமுக்கு உருளைக்கிழங்கு மாவு ஆகவே ஆகாது. இரண்டாவது வழி, மாவைக் கிளிசராலோடு சேர்த்து, இரண்டு ஸ்க்ரூ ஓடுகிற ட்வின் ஸ்க்ரூ மெஷினில் சூட்டிலும் அரைப்பிலும் வேக வைத்து, மணி உடைந்து கூழாகி உருகுகிற பிளாஸ்டிக்காக மாற்றுவது. மாவு எடையில் 25 முதல் 35% கிளிசரால் பிடிக்கும். வென்ட் வழியாக வேக்யூம் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டு அப்புறம்தான் பிபிஏடியோடு சேர்க்க வேண்டும். 200 டிகிரியை நெருங்கினால் மாவு பழுப்பாகிக் கருகல் வாடை வரும். சின்னப் பட்டறையில் இதைச் செய்ய முயலாமல், செய்துவைத்த காம்பவுண்டை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

வேக வைத்த ஸ்டார்ச்சுக்கு ஒரு குணம் உண்டு, வீட்டில் எல்லோரும் பார்த்ததுதான். வடித்த சோறு சூடாக இருக்கும்போது குழைவாக இருக்கும், ஆறி மறுநாள் ஆனால் விறைத்துப்போகும். அடித்த அன்று மெத்தென்று இருந்த ஸ்டார்ச் பையும் சில வாரங்களில் அதே மாதிரி விறைக்கும். கஞ்சி போட்ட வேட்டி வெயிலில் மொடமொடப்பாகவும் மழையில் துவண்டும் இருப்பது போல, ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் குணமும் மாறும். நாக்பூர் மே மாதத்துக்கும் மும்பை ஆகஸ்ட் மாதத்துக்கும் ஒரே கலவை சரிப்படாது.

சூடு

மும்பையில் மக்கும் கப் விற்கப் போனால் முதல் பரீட்சை கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் சூடான டீதான். வெறும் பிஎல்ஏ கப் டீ ஊற்றினதும் குழைந்துவிடும். மே மாத வெயிலில் மூடிய வண்டிக்குள் அடுக்கி வைத்தாலே வளைந்து வந்து சேரும். இதற்கு எந்த இளக்கியைப் போட்டும் பயனில்லை, பிஎல்ஏவைப் படிகமாக்க வேண்டும். மெல்லிய டால்க் 1 முதல் 5% வரை போட்டால் படிகம் உட்காருவதற்கு வித்து கிடைக்கும். பிஎல்ஏவின் கண்ணாடிப் பிம்பச் சங்கிலியான பிடிஎல்ஏவும் இதற்கு நன்றாக வேலை செய்யும், விலைதான் அதிகம்.

டால்க் போட்டும் ஒன்றும் மாறவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் மோல்டை, அதாவது கப் வார்க்கிற அச்சை, குளிர் தண்ணீரில் வைத்திருப்பார்கள். குளிர்ந்த மோல்டில் பிஎல்ஏ படிகமாவதற்கு முன்பே உறைந்துவிடும், வித்து சும்மா கிடக்கும். மோல்டை 90 முதல் 110 டிகிரியில் வைத்து, ஒரு பொருளை அடித்து எடுக்கிற சைக்கிள் நேரத்தைக் கொஞ்சம் நீட்டினால் 100 டிகிரி தாங்குகிற பொருள் வரும். தெளிவு போய்ப் பால் நிறம் வந்துவிடும், வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தானாவும் டி-லாக்டிக், அதாவது எதிர்ப்பிம்ப லாக்டிக் அமிலப் பங்கு குறைவாக உள்ள ரகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த வித்து போட்டாலும் படிகம் ஆகாது.

தவிடு, உமி, கரும்புச் சக்கை, தேங்காய் நார் சேர்க்கிறவர்களுக்கு ஒரு வரி: 100 டிகிரிக்கு மேல் நன்றாக உலர்த்துங்கள், பேரலை 200க்குக் கீழே வையுங்கள்.

வழுக்கல், நிறம், அந்த ஒரு சதவீதக் கணக்கு

பிபிஏடி ரோலில் ஒட்டிக்கொண்டு பை வாய் திறக்காமல் போவதற்கு, வழுக்கல் தருகிற எருக்கமைடு என்ற மெழுகு மாதிரிச் சாமான் 0.3%ஐச் சுற்றிப் போடுவோம், கூடவே ஒன்றிரண்டு சதவீதம் டால்க் அல்லது கொஞ்சம் சிலிக்கா. பாலிஎத்திலீனில் எருக்கமைடு மேலே சட்டென்று வந்துவிடும், பிபிஏடியில் அப்படி வராது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துப் பார்த்துத்தான் போதுமா என்று முடிவு செய்ய வேண்டும். அதிகம் போட்டால் சீல் பிடிக்காது, அச்சு மை நிற்காது.

பெரிய தப்பு நடக்கிற இடம் கலர். அலமாரியில் கிடக்கிற பழைய வெள்ளை மாஸ்டர்பேட்ச்சை எடுத்து 3% போடுகிறோம் என்று வையுங்கள். அதில் 60 பங்கு டைட்டானியம், 40 பங்கு பாலிஎத்திலீன். மூன்றில் 40% என்றால் 1.2% பாலிஎத்திலீன் உங்கள் மக்கும் பைக்குள் போய்விட்டது. மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 தரத்தில், 1%க்குக் குறைவாக உள்ள ஒரு சேர்மானத்துக்குத் தனியாக மக்கும் சோதனை கேட்பதில்லை, அப்படிப்பட்டவை எல்லாம் சேர்ந்தாலும் 5% தாண்டக்கூடாது. 1.2% என்றால் வரம்பை மீறிவிட்டீர்கள், அந்தப் பாலிஎத்திலீன் மண்ணில் துகள் துகளாகக் கிடக்கவும் போகிறது. பிஎல்ஏ அல்லது பிபிஏடியில் செய்த மாஸ்டர்பேட்ச்சைக் கேட்டு வாங்குங்கள். ஈயம், காட்மியம், குரோமியம் உள்ள பழைய நிறமிகளைத் தொடவே வேண்டாம், கன உலோகத்துக்கும் இந்தத் தரத்தில் வரம்பு இருக்கிறது.

அதே தரத்தில் மக்கும் அளவுக்கும் எண் உண்டு. கம்போஸ்ட் நிலையில், 58 டிகிரியை ஒட்டி, 180 நாளுக்குள் பொருளில் உள்ள கார்பனில் 90% கார்பன் டை ஆக்சைடாக மாறியிருக்க வேண்டும், 84 நாளில் உதிர்ந்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10%க்கு மேல் நிற்கக்கூடாது. மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் சோதித்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் கம்போஸ்டபிள் என்று அச்சடித்து விற்க முடியும். ஒரு கலவைக்குச் சோதனை முடித்துவிட்டு, மறு மாதம் விலைக்காக வேறு சாமானைச் சேர்த்துக்கொண்டால் அந்தச் சான்றிதழ் சொல்கிற பொருளை நீங்கள் விற்கவில்லை என்று அர்த்தம். இது எனக்கு மிகவும் மனம் வலிக்கிற விஷயம், ஏனென்றால் நம்பி வாங்கி ஈரக்குப்பையோடு போடுகிற குடும்பத்துக்கு இது தெரிய வழியே இல்லை.

"சாதாரண தானாவிலேயே இதை 1% போடுங்கள், மக்கிவிடும்" என்று ஒரு டப்பாவோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் கோபால்ட், மாங்கனீஸ், இரும்பு உப்பு. வெயிலிலும் சூட்டிலும் பாலிஎத்திலீனை நொறுங்கச் செய்யும், கண்ணுக்குத் தெரியாத துகளாக்கும், அதற்கு மேல் 17088 கேட்கிற வேகத்தில் எதுவும் நடக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து இந்த ஆக்ஸோ வகைப் பொருட்களை விற்கவே தடை செய்திருக்கிறது. வாங்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் ஒரு துண்டைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, காற்றுக் குமிழி இல்லாமல் விடுங்கள். மிதந்தால் பெரும்பாலும் பாலிஎத்திலீன். மூழ்கினால் பிஎல்ஏ, பிபிஏடியாக இருக்கலாம், ஆனால் கால்சியம் நிறைய ஏற்றிய பாலிஎத்திலீனும் மூழ்கும், ஆகவே மூழ்கியதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். இதே சோதனை எதிர்ப்பக்கமும் உதவும். தாராவி 13வது காம்பவுண்டில் தரம் பிரிக்கிறவர்கள் கையில் ஒரு மக்கும் பை பாலிஎத்திலீன் குவியலோடு போய்விட்டால் அந்த மறுசுழற்சித் தானா கெட்டுப்போகும், அவர்கள் உழைப்பு வீண். அதனால் பையில் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள், கழிவுத் துண்டுகளையும் தனி மூட்டையில் கட்டுங்கள். ஓரக் கழிவைத் திரும்ப மெஷினில் போடுவதானால் உலர்த்திவிட்டு 10%க்குள், ஏற்கெனவே ஒரு முறை அறுபட்ட சங்கிலி அது.

கலவையைச் சோதிக்கும் முறை

ஒரு நேரத்தில் ஒரு சாமானை மட்டும் மாற்றுங்கள். நோட்டில் தேதி, மூட்டை எண், மழையா வெயிலா, பேரல் சூடு, ஆம்பியர், எல்லாம் எழுதுங்கள். பாலிஎத்திலீன் ஓடிய மெஷினில் தொடங்கினால் பழைய சரக்கு முழுக்க வெளியே வரும்வரை தள்ளுங்கள், இரண்டும் ஒட்டாது, கீற்றுக் கீற்றாகத் தெரியும். அடித்த பையில் ஐந்து கிலோ அரிசி போட்டுக் கைப்பிடியில் தொங்கவிட்டு ஆட்டிப் பாருங்கள், சீல் பக்கமா கைப்பிடியா எங்கே விடுகிறது என்று குறியுங்கள்.

அன்றைய பலம் பெரிய விஷயமில்லை. மூன்று மாதம் கழித்துக் கடையில் எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி, அதற்கு ஒரு ஊறுகாய் ஜாடி போதும். அடியில் சாதா உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரையாத அளவுக்குப் போட்டுச் சேறு மாதிரி வையுங்கள். மூடிய ஜாடிக்குள் காற்றின் ஈரப்பதம் 75%க்கு வந்து அப்படியே நிற்கும். அதில் படாமல் ஃபிலிம் பட்டைகளை நூலில் தொங்கவிடுங்கள். இன்னொரு ஜாடியில் உப்புக்குப் பதில் சிலிக்கா ஜெல். இரண்டு, நான்கு, எட்டு வாரத்தில் ஒவ்வொரு ஜாடியிலும் ஐந்து பட்டை எடுத்துக் கையால் இழுத்து, எவ்வளவு நீண்டு அறுகிறது என்று அளந்து எழுதுங்கள். உப்பு ஜாடிப் பட்டை மட்டும் பொடிந்தால் ஈரம் தின்கிறது, ஸ்டார்ச்சையோ கிளிசராலையோ குறையுங்கள். இரண்டுமே விறைத்தால் இளக்கி கசிகிறது அல்லது ஸ்டார்ச் ஆறிய சோறாகிறது. ஏப்ரல் முதல் தேதி ஜாடியை மூடினால் மே கடைசியில் எட்டு வாரக் கணக்கு கையில் இருக்கும், மும்பையில் மழை இறங்க வழக்கமாக அதற்குப் பிறகும் பத்து நாள் இருக்கும், கலவையை ஒரு முறை மாற்றி அடித்துப் பார்க்க அது போதும்.